தம்பியின் தாடியும் ஐம்பத்து மூன்று கழுதைகளும்

நான் செத்துப் போகவில்லை என்று காட்டுவதற்காகத்தான் லண்டனுக்குப் போனேன். ஆட்கள் அங்கே படிக்கப் போகிறார்கள், உழைக்கப் போகிறார்கள், மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறார்கள். உயிரோடு இருப்பதைக் காட்டப் போனது யாழ்ப்பாணத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

சங்கதி இதுதான். லண்டனின் தெற்குப் பக்கம், மிச்சம் என்ற இடத்தில் கடை வைத்திருக்கிற என் தம்பி குகனின் மகள் அபிக்குக் கலியாணம் முற்றாகியிருந்தது. எனக்கு முழங்கால் வருத்தம், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கலியாணப் பேச்செல்லாம் போனிலேயே நடந்தபடியால் மாப்பிள்ளையின் தகப்பன் அருளம்பலத்தார் தம்பியை நேரில் கண்டதில்லை. மண்டபம் பார்க்கப் போன அன்றுதான் கண்டிருக்கிறார். தம்பிக்கு நெஞ்சு வரைக்கும் தாடி.

கலியாண வீட்டுத் தகப்பனுக்குத் துக்கம் காக்கிறவர் மாதிரித் தாடி. கூடப்பிறந்த அக்கா கலியாணத்துக்கு வரவில்லை. அருளம்பலத்தார் இரண்டையும் கூட்டிப் பார்த்து, நான் மோசம் போய்விட்டேன் என்று முடிவு கட்டிவிட்டார். நான் கலியாணம் கட்டாதவள். ஆகவே என்னுடைய சாவுக்குத் தம்பிக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு. துடக்கை மறைத்து நல்ல காரியம் நடத்தப் பார்க்கிறார்கள், செத்த வீட்டில் ஒரு வருஷத்துக்குக் கலியாணம் கூடாது, இதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாராம்.

வீடியோவில் கதைத்துக் காட்டினேன். "இப்ப செத்த ஆக்களையும் கொம்பியூட்டரில கதைக்க வைக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் என்ன செய்கிறது? முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, பருத்தித்துறை வடை ஒரு பை, மிளகாய்த்தூள் ஒரு பை கட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்.

விமானநிலையத்தில் தம்பியைத் தேடினேன். எனக்கு முன்னால் ஒரு சாமியார் நின்று கையைக் காட்டினார். நானும் கும்பிட்டேன். "அக்கா, நான்தான்" என்றது சாமியார்.

காருக்குள் ஏறி இருந்தவுடன் கேட்டேன். "ஏன்டா இந்தக் கோலம்?"

"நேர்த்தி" என்றான்.

"என்ன நேர்த்தி?"

அவன் வாய் திறக்கவில்லை. பின் சீட்டில் இருந்த தம்பியின் மனைவி, மச்சாள் வசந்திதான் திறந்தா. "கேளுங்கோ மச்சாள், நல்லாக் கேளுங்கோ. பிள்ளைக்கு நேர்த்தி எண்டால் சொல்லலாம், புருஷனுக்கு எண்டால் சொல்லலாம். இவர் கழுதைக்கு வைச்சவர்."

மிச்சம் போய்ச் சேர்வதற்குள் முழுக்கதையும் வெளியே வந்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதை அவர்கள் ஃபுட்போல் என்கிறார்கள். காலால் அதிகம் உதைக்கிறதில்லை, பந்தும் உருண்டையில்லை, உரித்த தேங்காய்போல இருக்கும். அதில் மியூல்ஸ் என்று ஐம்பத்து மூன்று பேர் கொண்ட ஒரு டீம். மியூல் என்றால் கோவேறு கழுதை. ஒரு மனிதர் தன்னுடைய டீமுக்குச் சிங்கம் புலி என்று பேர் வைப்பார், இவர்கள் தெரிந்தெடுத்தது இதை. பேருக்கேற்றபடி போன பருவம் கடைசியில் தோற்றுக்கொண்டே போயிருக்கிறார்கள்.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முதல்நாள் தம்பி விம்பிள்டன் பிள்ளையாரிடம் போய், "அடுத்தமுறை மியூல்ஸ் வெல்லும் மட்டும் தாடி எடுக்கமாட்டன்" என்று நேர்த்தி வைத்திருக்கிறான். ஒருநாள் தாடிதானே என்பது அவனுடைய கணக்கு. அடுத்தநாள் தோற்றார்கள். அதோடு பருவம் முடிந்தது. தை தொடக்கம் ஆவணி மட்டும் இந்த விளையாட்டுக்கு லீவு என்பதைத் தம்பி நேர்த்தி வைக்கும்போது யோசிக்கவில்லை. பிள்ளையாருக்கும் யார் சொன்னது? எட்டு மாதம் தாடி சும்மா வளர்ந்தது. இந்தப் பருவம் தொடங்கிய பிறகோ ஒரு ஆட்டமும் வெல்லவில்லை.

"என்ர முழங்காலுக்கு ஒரு நேர்த்தி வைக்க உனக்குத் தோன்றேல்லையோ?" என்று கேட்டேன்.

"அது ஆறாது அக்கா. இது வெல்லக்கூடிய டீம்" என்றான். எனக்கு வந்த கோபத்தில் வடைப் பையை மடியை விட்டு இறக்கவில்லை.

அடுத்தநாள் வெள்ளிக்கிழமை. காலையில் டிராமில் விம்பிள்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். டிராம் எனக்குப் பிடித்துக்கொண்டது. நம்மூர் பஸ்போல ஆள் தொங்குவதில்லை, கொண்டக்டர் "முன்னுக்குப் போ" என்று முதுகில் தள்ளுவதில்லை. அதனாலேயே ஏதோ குறைகிற மாதிரியும் இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தம்பியின் தாடியை நெடுநேரம் பார்த்துவிட்டு, தன் நாயிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கூட வந்திருந்த அபியிடம் கேட்டேன். "'பார், முடி வெட்ட வேண்டியது உனக்கு மட்டுமில்லை' எண்டு சொல்றார் மாமி" என்றாள்.

அபி அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தவள். நல்ல பிள்ளை, வடிவான பிள்ளை, தகப்பனோடு மட்டும் கதைக்கிறதில்லை. டிராமில் அவனிலிருந்து நாலு சீட் தள்ளி என்னோடு இருந்தாள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். "மாமி, அப்பாவுக்கு என்னைவிட அந்த டீம்தான் பெரிசு. கலியாணம் நிண்டாலும் பரவாயில்லை, தாடி நிக்கோணும் அவருக்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது. தம்பி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான், காது மட்டும் எங்கள் பக்கம் நின்றது.

கோவிலில் நல்ல சனம். தம்பி அர்ச்சனைச் சீட்டு எடுத்துக்கொண்டு ஐயரிடம் போனான். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். அபியின் பெயரைச் சொல்லப் போகிறான், மனம் மாறிவிட்டான் என்று நான் நினைத்தேன்.

"டைலர்" என்றான் தம்பி. "ஆயிலியம்."

ஐயர் கண்ணிமைக்கவில்லை. "டைலர் நாமதேயஸ்ய, ஆயிலிய நட்சத்திர ஜாதஸ்ய" என்று மணி அடித்துக்கொண்டு உள்ளே போனார். டைலர் என்றால் மியூல்ஸில் பந்து எறிகிறவராம். அவருடைய பிறந்த நாளைத் தேடி எடுத்து, அமெரிக்க நேரத்தைக் கழித்து, நட்சத்திரம் கண்டுபிடித்து வைத்திருக்கிறான். கோவிலுக்குள் நின்று தம்பியின் தலையில் குட்டக்கூடாது என்பதற்காகப் பொறுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஈஸ்ட் ஹாம். அருளம்பலத்தாருக்கு என்னைக் காட்ட வேண்டிய நாள். நான் மாம்பழக் கலர் சேலை உடுத்து, பெரிய பொட்டு வைத்து, உயிர் இருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரிப் போனேன். ஹை ஸ்ட்ரீட்டில் இறங்கினால் எனக்குப் பயணம் வந்ததே மறந்துபோனது. முருங்கைக்காய், வல்லாரை, நகைக்கடை, சேலைக்கடை, கொத்துரொட்டிச் சத்தம். நம்மூரில் இல்லாத தமிழ்க் கடைகள்கூட அங்கே இருந்தன. ஒரு கடையில் ஒருவர் இன்னொருவரிடம், "அண்ணை, பனங்கிழங்கு வந்திட்டுதோ?" என்று கேட்டார். நான் நின்று கேட்டுவிட்டுத்தான் நடந்தேன்.

அருளம்பலத்தார் கோட் போட்டு இருந்தார். வீட்டுக்குள். முப்பது வருஷம் லண்டனில் கணக்காளராக இருந்து ஓய்வெடுத்தவர். என்னைக் கண்டதும், பாஸ்போட் படத்தையும் முகத்தையும் ஒப்பிடுகிற அதிகாரி மாதிரி மேலும் கீழும் பார்த்தார். அவருடைய மனைவி ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தா. நான் ரோல்ஸை எடுத்துக் கடிக்கும்வரை இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

"சரி" என்றார் அருளம்பலத்தார். "நீங்கள் இருக்கிறியள். அப்ப ஆர்?"

"ஆர் எண்டால்?"

"செத்தது ஆர்?"

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தாடிக்குள் ஒளிந்தான். வசந்தி கைகளைப் பிசைந்துகொண்டிருந்தா. இனி மறைத்துப் பிரயோசனமில்லை என்று நானே எல்லாவற்றையும் சொன்னேன். கழுதைகள், நேர்த்தி, எட்டு மாத லீவு, ஆயிலியம், எல்லாம். சொல்லி முடிய அருளம்பலத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தங்கச்சி, யாழ்ப்பாணக் கோட்டில பக்கத்து வளவுக்காரனோட ஒரு சாண் காணிக்கு இருபத்தைஞ்சு வருஷமா வழக்குப் பேசுறன். எத்தினையோ பொய்ச் சாட்சி பாத்திட்டன். இப்பிடி ஒரு பொய்யை என்ர சீவியத்தில கேட்டதில்லை" என்றார். "அமெரிக்காவில இருக்கிற ஆரோ பந்து எறியிறதுக்கு மிச்சத்தில இருக்கிறவன் தாடி வளர்ப்பானோ? உண்மையைச் சொல்லுங்கோ. துடக்கு எண்டால் துடக்கு. தள்ளி வைப்பம்."

தம்பி அப்போதுதான் முதல்முறை வாய் திறந்தான். "நாளைக்கு அவை லண்டனில விளையாடுகினம். என்னட்டை டிக்கட் இருக்கு. நீங்கள் வந்து பாருங்கோ."

அது உண்மைதான். வருஷத்தில் சில ஆட்டங்களை லண்டனில் வைப்பார்களாம். இந்தமுறை மியூல்ஸின் முறை. வசந்திக்கும் அபிக்கும் எடுத்து வைத்திருந்த டிக்கட்டுகளை அவர்கள் முகத்திலடித்த மாதிரி வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான், தம்பி, அருளம்பலத்தார் மூன்று பேரும் போவதென்று முடிவானது. அவர் பார்த்துவிட்டு நம்பினால் அடுத்த ஞாயிறு கலியாணம். நம்பாவிட்டால் அடுத்த வருஷம். எனக்கு அன்றைக்கு நித்திரை வரவில்லை.

மைதானம் வடக்கு லண்டனில். ஞாயிற்றுக்கிழமை பார்த்து ரயில் பாதையில் திருத்த வேலை. ரயிலுக்குப் பதிலாக ஒரு பஸ் விட்டார்கள். அந்த பஸ்ஸுக்குள் கழுதைக் காது தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஐம்பது பேரும், கோட் போட்ட அருளம்பலத்தாரும், சேலையோடு நானும். ட்ரைவருக்கு வழி தெரியவில்லை. ஒரு ரவுண்டபவுட்டை மூன்றுமுறை சுற்றினார். மூன்றாம்முறை சுற்றும்போது காது வைத்த கூட்டம் பாட்டுப் படித்தது. அருளம்பலத்தார் என்னிடம் மெதுவாக, "தங்கச்சி, தேரும் மூண்டு தரம் சுத்துறேல்லை" என்றார்.

வாசலில் அடுத்த தொல்லை. மைதானத்துக்குள் கண்ணாடிபோலத் தெரிகிற பிளாஸ்டிக் பைதான் கொண்டுபோகலாமாம். என்னுடைய கைப்பையைத் திறக்கச் சொன்னான் காவலாளி, ஆறடிக்கு மேல் உயரமான ஒரு கறுப்பினப் பிள்ளை. உள்ளே கல்லுப்போல இறுகின பருத்தித்துறை வடை. ஒன்றை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தான். கூரை ஓட்டைத் தட்டின மாதிரிச் சத்தம் கேட்டது.

"இதை எறிந்தால் ஆளுக்குக் காயம் வருமே" என்றான் ஆங்கிலத்தில்.

"சாப்பிடுகிற சாமான் தம்பி" என்றேன் என்னுடைய ஆங்கிலத்தில். கடித்துக் காட்டினேன். அவனுக்கும் ஒன்று கொடுத்தேன். கடித்தான், கண்ணில் தண்ணி வந்தது, இன்னொன்று கேட்டான். கடைசியில் பை வெளியே, வடை ஒரு தெளிவான பொலித்தீன் பைக்குள் உள்ளே என்று சமாதானமானது.

உள்ளே போய் இருந்தால் கீழே பச்சைப் பசேலென்ற தரை. அதில் குறுக்கே வெள்ளைக் கோடுகள், மூன்றடி ஒரு யார் என்று யார் யாராக அளந்து இலக்கம் போட்டு. நான் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் கீறி ஓய்வுபெற்றவள். அந்தக் கோடுகளைக் கண்டதும் மனதுக்குச் சற்றே ஆறுதலாக இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. தொடங்கியது என்றால், ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஊதல் அடித்தது. எழும்பினார்கள். கூடிக் கதைத்தார்கள். திரும்ப விழுந்தார்கள். நடுவில் விளம்பரம். அருளம்பலத்தார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, விளையாட்டு எப்ப தொடங்கும்?" என்று கேட்டார்.

தம்பி விளக்கினான். நாலு தரம் முயற்சி செய்யலாம். அதற்குள் பத்து யார் முன்னுக்குப் போனால் இன்னும் நாலு தரம் கிடைக்கும். போகாவிட்டால் பந்து மற்றவனுக்கு. இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக எதிராளியின் நிலத்துக்குள் போக வேண்டும். அருளம்பலத்தாருக்கு ஒன்றும் ஏறவில்லை. கோட்டைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு வடை சப்பினார்.

பிறகுதான் அது நடந்தது. மியூல்ஸ் ஒருவர் பந்தோடு விழுந்தார். பத்து யார் வந்ததா இல்லையா என்று சந்தேகம். உடனே ஓரத்தில் நின்ற இரண்டு பேர் ஒரு சங்கிலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு ஓடிவந்தார்கள். ஒரு கம்பை ஊன்றி, சங்கிலியை இழுத்து, மற்றக் கம்பைப் பந்தடியில் வைத்துக் குனிந்து பார்த்தார்கள். அறுபதினாயிரம் சனமும் மூச்சடக்கி இருந்தது.

அருளம்பலத்தார் எழும்பிவிட்டார்.

"தங்கச்சி, இது எல்லை அளக்கிறதெல்லோ" என்றார். குரல் மாறியிருந்தது.

"ஓம் அண்ணை. சங்கிலி போடுகினம்."

"அப்ப இவ்வளவு நேரமும் இவங்கள் வேலி அரக்கிறாங்கள்."

அதுதான். அதைவிடத் தெளிவாக ஒருவரும் இந்த விளையாட்டை விளக்க முடியாது. நம்மூரில் பக்கத்து வளவுக்காரன் வருஷம் வருஷம் வேலி அடைக்கும்போது கதியால் தடியை ஒவ்வொரு விரற்கடை தள்ளி நடுவானே, அதே வேலைதான். நாலு தரம் அரக்கலாம். பிடிபட்டால் மற்றவன் அரக்குவான். கோட்டுக்குப் போகாமல் அந்த இடத்திலேயே சங்கிலி போட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இருபத்தைந்து வருஷம் தவணைக்குத் தவணை அலைந்த மனிதருக்கு இது எப்படி இருந்திருக்கும்.

அரை விரற்கடை வித்தியாசத்தில் பத்து யார் வந்துவிட்டது. அருளம்பலத்தார் கைதட்டினார். அதற்குப் பிறகு அவர் இருக்கவேயில்லை. "அரக்கடா, அரக்கு, இடப்பக்கம் ஆளில்லை, அரக்கு" என்று சத்தம் போட்டார். எதிர் டீம் முன்னேறினால், "காணிக்குள்ள வாறாங்கள், பார்த்துக்கொண்டு நிக்கிறாங்கள் இந்தக் கழுதையள்" என்று ஏசினார். அவருக்கு எதிர் டீமின் தலைவர் பக்கத்து வளவுக்காரரின் சாடையில் இருந்தாராம்.

முன் சீட்டில் ஒரு பெரிய உருவத்து அமெரிக்க மனுஷி இருந்தா. மியூல்ஸின் ஊரிலிருந்தே பறந்து வந்தவ. இடைவேளையில் திரும்பித் தம்பியின் தாடியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "நீங்களும் வெல்லும்வரை என்றா?" என்று கேட்டா. தம்பி ஓம் என்று தலையாட்டினான். "எங்கள் தெருவில் ஒருவர் வெல்லும்வரை வீட்டுக் கூரையில் இருக்கிறார். மனைவி ஏணியில் சாப்பாடு கொடுக்கிறாள்" என்று சொல்லி, போனில் படம் காட்டினா. கூரையில் கூடாரம். கூடாரத்துக்குள் ஒரு மனிதர். அவருக்கும் தாடி.

அருளம்பலத்தார் கண்ணாடியைப் போட்டு அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். பிறகு வழக்கறிஞர் மாதிரி அந்த மனுஷியிடம் ஆங்கிலத்தில் கேட்டார். "அம்மா, அவருடைய வீட்டில் அண்மையில் யாராவது இறந்தார்களா?"

"இல்லையே" என்றா அவ. "ஏன்?"

அருளம்பலத்தார் கண்ணாடியைக் கழற்றினார். தம்பியின் பக்கம் திரும்பினார். "அப்ப உண்மையிலேயே கழுதைக்குத்தான்" என்றார்.

"ஓம்" என்றான் தம்பி. தலை குனிந்திருந்தது. "வந்த புதுசில எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியாது. பெற்றோல் அடிக்கிற செட்டில வேலை. அங்க இருந்த சின்ன டீவியில இவையின்ர ஆட்டம்தான் போகும். தோற்கிறதும் அடுத்த கிழமை திரும்பி வாறதுமா இருந்தினம். பாத்துப் பாத்து எனக்குச் சொந்தக்காரர் மாதிரிப் போச்சு. லண்டனில எனக்கு முதல் தெரிஞ்ச ஆக்கள் அவைதான்." 

இதை அவன் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் போனில் கேட்டால், "சுகமா இருக்கிறன் அக்கா, கனபேர் சிநேகிதம்" என்றுதான் சொல்லுவான். அந்தக் கனபேர் யாரென்று இப்போது விளங்கியது. அவனுக்கு ஒரு வடை கொடுத்தேன்.

ஆட்டம் முடியும் நேரம் இரண்டு பக்கமும் சமன். மேலதிக நேரம் கொடுத்தார்கள். அதில் மியூல்ஸ் அரக்கி அரக்கி நல்ல கிட்டப் போய்விட்டார்கள். கடைசியாகப் பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவால் அனுப்பினால் வெற்றி. தம்பி என் கையைப் பிடித்தான், அருளம்பலத்தார் தம்பியின் கையைப் பிடித்தார், அமெரிக்க மனுஷி அருளம்பலத்தாரின் கழுத்தைப் பிடித்தா. உதைத்தார்கள். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்து விழுந்தது.

சமன். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஆட்டம் முடிந்தது, போகலாம் என்று விட்டார்கள். இப்படியும் ஒரு முடிவு இந்த விளையாட்டில் உண்டாம். இத்தனை மணித்தியாலம் இருத்தி வைத்து ஒருத்தரும் வெல்லவில்லை என்று சொல்ல இவர்களுக்கு வெட்கமில்லை.

வெளியே வரும்போது தம்பி மெதுவாகத் தொடங்கினான். "தோற்கேல்லைத்தானே. பிள்ளையார் இதை ஏற்றுக்கொள்ளுவார் எண்டு நினைக்கிறன். நாளைக்கு ஷேவ் எடுக்கலாம்."

"எடுக்கேலாது" என்றார் அருளம்பலத்தார். தலையில் கழுதைக் காது தொப்பி. அந்த மனுஷி போட்டுவிட்டது. "நீர் வெல்லும் மட்டும் எண்டுதானே வைச்சனீர்? வெல்லேல்லை. நேர்த்தியை முறிச்ச வீட்டில நான் சம்பந்தம் செய்யமாட்டன். குற்றம் என்ர மகனுக்கும்தான் வரும். தாடி நிக்கட்டும், கலியாணம் நடக்கட்டும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தாடியால் கலியாணத்தை நிற்பாட்டினவர் இப்போது தாடி இல்லாவிட்டால் கலியாணம் இல்லை என்கிறார்.

அபிக்குப் போனில் சொன்னேன். "கலியாணம் நடக்குமோ மாமி?" என்றாள். "நடக்கும்." "தாடியோடயோ?" "ஓம் பிள்ளை." பிறகு அவள் சிரித்த சிரிப்பை நான் அந்தக் கிழமை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தபோது தகப்பனைக் கதிரையில் இருத்தி, தாடியைச் சீப்பால் வாரிப் பார்த்தாள். "ரெண்டாப் பிரிச்சுப் பின்னலாம் அப்பா" என்றாள். பல மாதத்துக்குப் பிறகு அவனோடு கதைத்த முதல் கதை அதுதான் என்று வசந்தி எனக்குச் சொல்லி அழுதா.

அந்தக் கிழமை பலகாரம் சுடுவதிலேயே போனது. லண்டனில் பலகாரம் சுட்டால் வீட்டுக் கூரையில் ஒரு பெட்டி புகை பட்டுக் கிடந்து அலறுகிறது. ஒவ்வொரு தட்டுக்கும் வசந்தி துவாய் வீசி அதைச் சாந்தப்படுத்தினா. வெள்ளிக்கிழமை தம்பி தனியாகக் கோவிலுக்குப் போய்விட்டு வந்தான். எங்கே போனாய் என்று கேட்டேன். "சும்மா" என்றான். அந்தச் "சும்மா"வை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும்.

கலியாணம் வடிவாக நடந்தது. தம்பி வேட்டி, சால்வை, தலைப்பாகை, நெஞ்சளவு தாடி. தாரை வார்க்கும்போது ஐயர் தாடியை ஒருமுறை ஒதுக்கிவிட்டுத்தான் தண்ணி விட்டார். வந்த சனம் அவனைப் பெண்ணின் தகப்பன் என்று நினைக்கவில்லை. ஆசீர்வதிக்க வந்த பெரிய சாமியார் என்று நினைத்து இரண்டு பேர் காலில் விழுந்தார்கள். அவனும் ஆசீர்வதித்துவிட்டான். படம் எடுத்த பெடியன் மட்டும் அந்தத் தாடிக்கு எந்த வெளிச்சம் என்று அலைந்துகொண்டிருந்தான்.

பின்னேரம் வரவேற்பு. அமெரிக்காவில் அன்றைக்கும் மியூல்ஸுக்கு ஆட்டம். லண்டன் வந்துபோகிற டீம்கள் அடுத்த கிழமை லீவு எடுப்பது வழக்கமாம், இவர்கள் எடுக்கவில்லை. அபி தகப்பனின் போனைப் பறித்து என் கையில் தந்தாள். "மாமி, அப்பா கேட்டாலும் குடாதேங்கோ. இண்டைக்கு அவர் எனக்கு மட்டும்" என்றாள். நான் அதைக் கைப்பைக்குள் போட்டுப் பூட்டினேன்.

அவன் கேட்கவேயில்லை. அதுதான் அதிசயம். மேசை மேசையாகப் போனான், சாப்பாடு காணுமோ என்று விசாரித்தான், அபியோடு ஆடினான். தாடி இடப்பக்கமும் வலப்பக்கமும் ஆடியது. நான்தான் கைப்பையைத் திறந்து திறந்து பார்த்தேன். எனக்கு ஏன் அந்த அந்தரம் என்று தெரியவில்லை. அருளம்பலத்தார் வேறு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை என் பக்கத்தால் போய், "அரக்குகினமோ?" என்று காதுக்குள் கேட்டார். "அரக்குகினம்" என்றேன்.

வென்றார்கள். நான் மூன்றுமுறை பார்த்தேன். பிறகு போனைக் கொண்டுபோய் அபியிடம் காட்டினேன். அவள் எழும்பி, மைக்கை எடுத்தாள். முழு மண்டபமும் நன்றியுரை என்று நினைத்துக் கதையை நிற்பாட்டியது.

"அப்பா" என்றாள். "மியூல்ஸ் வெண்டிட்டினம்."

தம்பி அப்படியே நின்றான். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அபி மேடையால் இறங்கிவந்து, கூறைச்சேலையோடு அவனைக் கட்டிப்பிடித்தாள். என்ன ஏதென்று தெரியாமலே சனம் கைதட்டியது. அருளம்பலத்தார் எங்கேயோ வைத்திருந்த கழுதைக் காது தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கோட் பொக்கற்றுக்குள் இருந்து ஒரு புது ரேஸரை எடுத்து உயர்த்திக் காட்டினார். காலையிலிருந்தே கொண்டு திரிந்திருக்கிறார்.

"வையுங்கோ உள்ளுக்கு" என்றேன் நான். "பொழுதுபட்டிட்டுது. விளக்கு வைச்ச பிறகு சவரம் செய்யிறதோ?"

அருளம்பலத்தார் ரேஸரைத் திரும்பப் பொக்கற்றுக்குள் வைத்தார். ஆகவே வென்ற பிறகும் தாடி ஒரு இரவு கூடுதலாக இருந்தது. அடுத்தநாள் காலை எடுத்தான். உள்ளே இருந்து மெலிந்த ஒரு முகம் வந்தது, எனக்குத் தெரிந்த பழைய முகம். கலியாணத்தின் நாலாம் சடங்கு விருந்துக்கு வந்த அருளம்பலத்தார் அவனைக் கண்டுவிட்டு, வசந்தியிடம், "இவர் உங்கட ஆரு?" என்று கேட்டார்.

திரும்பும் நாள் விமானநிலையத்தில் தம்பி என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். முகம் சரியில்லை. பிரிகிற கவலை என்று நினைத்து நானும் கண்ணைத் துடைத்தேன்.

"அக்கா, ஒண்டு சொல்லோணும். ஏசக்கூடாது" என்றான்.

"சொல்லு."

"வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனன்தானே. கலியாண நாளில அவை வெண்டால்…"

"வெண்டால்?"

"அக்கா ஊரில தன்ர கையால நூற்றெட்டுத் தேங்காய் அடிப்பா எண்டு நேர்த்தி வைச்சிட்டன்."

ஏசுவதற்கு நேரமில்லை, விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். யாழ்ப்பாணம் வரும்வரை மனதுக்குள் ஏசினேன்.

நேர்த்தி என்னுடைய பேரில் வைத்துவிட்டால் பிறகு அது என்னுடைய நேர்த்திதான். வந்த கிழமையே தேங்காய் மூட்டைகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கள் பிள்ளையார் கோவிலுக்குப் போனேன். அதற்கு முதல் ஒரு அர்ச்சனை செய்வோம் என்று சீட்டை ஐயரிடம் நீட்டினேன். அந்தக் கிழமையும் அவர்களுக்கு ஆட்டம் இருந்தது. நான் பார்க்கவில்லை, சும்மா தெரியும்.

"பேர்?" என்றார் ஐயர்.

"மியூல்ஸ்."

ஐயர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒராளோ, கனபேரோ?"

"ஐம்பத்து மூண்டு பேர் ஐயா."

"நட்சத்திரம்?"

"ஒராள் ஆயிலியம். மற்றவையின்ரயைத் தம்பி இன்னும் பாக்கேல்லை."

ஐயர் சற்று யோசித்தார். "சொந்தக்காரரோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். "லண்டனில தம்பியைப் பாத்துக்கொண்ட ஆக்கள்."